கிளட்ச் கால்

ஸ்டாண்டில் எனக்கு வெண்ணெய் என்று பெயர். திட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பாராட்டுதான். நான் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மூடி இல்லாத டம்ளரில் டீயோடு ஏறியவர்களை ஒரு சொட்டுச் சிந்தாமல் இறக்கிவிட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருட டாக்சித் தொழிலில் எனக்கென்று சேர்ந்த சொத்து அந்தப் பெயர்தான். என்னைப் பிடிக்காதவர்கள் அதையே திட்டாகவும் சொல்வதுண்டு, அது வேறு கதை.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரன் யாராவது ஸ்டாண்டுக்குள் வந்தால் அன்று முழுக்க எனக்குப் பொழுது போகும். "இடது காலை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியாப்பா?" என்று ஆரம்பிப்பேன். "பொம்மைக் கார் ஓட்டறதுக்கு எதுக்கு லைசென்ஸு?" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வாய்க்கொழுப்பு ஏறும். வீட்டிலும் இதே பாட்டுதான். கியரின் அருமை பெருமையெல்லாம் என் மனைவிக்கு மனப்பாடம்.

இப்படிப் பேசிய எனக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது.

ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் வெறும் காலோடு நிற்கும்போதே சாக்ஸ் போட்டிருப்பது போல இருந்தது. பிறகு ஒருநாள் இடது செருப்பு வாசல்படியிலேயே கழன்று கிடக்க, தெருமுனைக் கடை வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து போயிருக்கிறேன். கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வண்டியில் உட்கார்ந்தால், கிளட்ச் மேல் கால் இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாகிவிட்டது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெடல் அடியில் போய் இடிக்கிற வரை ஓங்கி மிதிப்பது. 'டொக்' என்று சத்தம் கேட்டால் கிளட்ச் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கால் சொல்லாததைக் காது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தம் கேட்காத நெரிசலில் சட்டென்று குனிந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக மனைவியிடம். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கையிலும் குத்தினாள், சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதம் விழுங்கினேன், அப்புறம் விட்டுவிட்டேன். கேட்டபோதெல்லாம், "ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லேப் இருக்குல்ல, அங்கயே பாத்துட்டேன், நார்மல்" என்று ஒரே போடாகப் போட்டேன். ஊரையே குத்துகிறவளை வீட்டுக்குள் வைத்து ஏமாற்றுவது முதலில் எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

அந்த வேடிக்கை மூன்று வாரத்துக்கு முன்னால் முடிந்துபோனது. ஒரு சிக்னலில் முதல் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடி நின்றிருந்தேன். மிதித்தபடி என்று நான் நினைத்திருந்தேன். கால் நழுவியிருக்கிறது. பிரேக்கையும் லேசாகத்தான் பிடித்திருந்தேன். வண்டி ஒரு முழம் முன்னால் எகிறி அணைந்தது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஓர் அம்மாளின் கைப்பையில் பம்பர் உரசியது. அவர் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று மேற்கொண்டு சவாரி எடுக்காமல் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த நிலையில்தான் என் பழைய வண்டிக்கு டாக்சியாக ஓடுகிற வயது முடிந்தது. மாதக் கடைசிக்குள் வேறு வண்டி வாங்கியாக வேண்டும். எனக்கு வேண்டியது ஆட்டோமேட்டிக். அதில் கிளட்சே கிடையாது, இடது கால் சும்மா கிடக்கலாம். ஆனால் அதை நான் வாயைத் திறந்து கேட்க முடியாது. "கியர் கியர்னு குதிச்சவர் இப்ப ஏன் மாறிட்டீங்க?" என்று மனைவி ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த நிமிடம் என் ஷூ அவள் கையில் இருக்கும். காலைத் தொட்டுப் பார்ப்பாள், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடாதே என்பார். ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்து எங்கே போவது என்றே தெரியாது. பயமாக இருந்தது. இதைச் சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். ஆட்டோமேட்டிக்கை மற்றவர்கள் என் தலையில் கட்ட வேண்டும். நான் முனகிக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் பழைய கார் விற்கிற இடத்துக்கு மூன்று பேராகப் போனோம். நான், மனைவி, அவள் தம்பி. மச்சினன் மெக்கானிக், என் வண்டிக்கு வைத்தியமெல்லாம் அவன்தான் பார்ப்பான். அங்கே இருக்கிற தரகருக்கு 'அவசரம்' என்று பெயர். எந்த வண்டியைக் காட்டினாலும் பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பார்ட்டி வந்துகொண்டிருப்பதாகச் சொல்வார். அந்தப் பார்ட்டியை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

தகரக் கூரைக்கு அடியில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே வெள்ளை. ஒன்று கியர், இன்னொன்று ஆட்டோமேட்டிக்.

"சீக்கிரம் பாத்துச் சொல்லிடுங்க சார்," என்றார் அவசரம். "பன்னண்டு மணிக்கு ஒரு பார்ட்டி வர்றாங்க. ரெண்டு வண்டிக்குமே ஆள் ரெடி."

"கியர் வண்டியைத் திறந்து காட்டுங்க," என்றாள் மனைவி.

நான் பானெட்டைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்தேன். "மாப்ள, இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி இருக்கே?"

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல மாமா," என்றான் மச்சினன்.

ஸ்டார்ட் செய்தான். குனிந்து கேட்டான், அடியில் படுத்துப் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்றான். எனக்குக் கடுப்பாக வந்தது. இவன் மட்டும் கொஞ்சம் மட்டமான மெக்கானிக்காக இருந்திருக்கக் கூடாதா!

"இப்பல்லாம் டிராஃபிக் ரொம்ப மோசம்," என்று வேறு வழியில் ஆரம்பித்தேன். "பாசஞ்சருங்களே ஆட்டோமேட்டிக்னா நல்லா இருக்குங்கறாங்களாம். நம்ம சௌகரியத்தை மட்டும் பாத்தா எப்படி?"

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு சொன்னா? பொம்மைக் காருன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"எங்களுக்காக நீங்க ஒண்ணும் மாத்திக்க வேண்டாம். தினம் பதினாலு மணி நேரம் ஓட்டப் போறது நீங்க. உங்களுக்குப் பிடிச்சதையே எடுங்க."

அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் நான் செய்த பிரசங்கத்தை ஒரு எழுத்து விடாமல் எனக்கே திருப்பிப் படித்தாள்.

நல்லவேளையாக மச்சினன் குறுக்கே வந்தான். "ரெண்டையும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுவோமே. அதுக்கு என்ன காசா பணமா?"

முதலில் ஆட்டோமேட்டிக்கை எடுத்தேன். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தான், மனைவி பின்னால் ஏறினாள். லீவரை டி-க்கு இழுத்து பிரேக்கை விட்டதும் வண்டி தானாக நகர்ந்தது. இடது காலை மடக்கி சீட் ஓரமாக ஒதுக்கி வைத்தேன். என்ன சுகம்! எட்டு மாதத்தில் முதல்முறையாகக் கால் எங்கே இருக்கிறது என்று தேடாமல் ஓட்டினேன். முதல் தெரு, இரண்டாவது தெரு, ஒரு வேகத்தடை, ஒரு திருப்பம். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. "பரவால்லையே!" என்று பின் சீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

மெயின் ரோட்டுக்கு வந்து வேகம் பிடித்தேன். நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு பஸ் சிக்னல்கூடப் போடாமல் சாலைக்கு வந்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் குறைந்தால் கிளட்ச், கியரைக் கீழே இறக்கு. இருபத்திரண்டு வருடப் பழக்கம். மூளை நினைக்கும் முன்னால் இடது கால் எழுந்துவிட்டது. எட்டு மாதமாக நான் சொல்லிக்கொடுத்தபடியே, 'டொக்' என்று கேட்கிற வரைக்கும் ஓங்கி மிதித்தது. அந்த இடத்தில் கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் பெடல்தான் இருந்தது.

ஆணி அடித்தது போல வண்டி நின்றது. மனைவியின் நெற்றி முன் சீட்டில் மோதியது. மச்சினன் இரண்டு கைகளையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டான். பின்னால் வந்த ரொட்டி வேன் டயர் கிறீச்சிட்டு, எங்கள் டிக்கிக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாமல் நின்றது. வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"போதும்," என்றாள் மனைவி. "இந்த வண்டி வேண்டவே வேண்டாம்."

"முதல் தடவைங்கறதால..."

"முதல் தடவையிலயே என்னைக் கொன்னுருப்பீங்க. பழகின கியரையே எடுங்க. இனிமே பேச்சு கிடையாது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். கோபமாக இருக்கும்போது அவள் குரல் தணிந்துவிடும். இப்போது தணிந்துதான் இருந்தது.

"கியர் ஓட்டினவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இப்படி மிதிச்சிடுவாங்கக்கா," என்றான் மச்சினன். "நானே மிதிச்சிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆனா இவ்ளோ பலமா யாரும் கிளட்ச் மிதிக்க மாட்டாங்க. நீங்க வெண்ணெயாச்சே மாமா?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"இந்த வருஷத்துல மட்டும் உங்க வண்டிக்கு ரெண்டு கிளட்ச் பிளேட் மாத்திட்டேன். பெடல் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டற கத்துக்குட்டிங்க வண்டிக்குத்தான் அப்படித் தேயும். உங்க வண்டிங்கறதால, பிளேட்டுதான் மட்டம்னு நினைச்சுக்கிட்டேன்."

"பிளேட்டுதான் மட்டம்," என்றேன்.

அப்போதிருந்து அவன் கண்கொத்திப் பாம்பாக என் காலையே பார்க்க ஆரம்பித்தான். வண்டியை ஊர்வலம் போல மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தினேன்.

மனைவி இறங்கிய கையோடு கியர் வண்டியின் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். தலைவலி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். நாளைக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நாளைக்கு வண்டி இருக்காது சார்," என்றார் அவசரம். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சாவியைப் போட்டேன். கிளட்சை மிதித்தேன், 'டொக்' கேட்டது, கிளம்பினோம். இரண்டாவது கியருக்கு ஒருமுறை குனிந்து பார்த்தேன். மூன்றாவதுக்கு ஒருமுறை. திருப்பத்தில் மறுபடி இரண்டு, மறுபடி குனிந்தேன்.

"மாமா," என்றான் மச்சினன் மெதுவாக. "எதுக்கு அடிக்கடி கீழ பாக்கறீங்க?"

"மேட் மடிஞ்சு மடிஞ்சு வருது."

"இந்த வண்டில மேட்டே போடலையே."

இன்னும் இரண்டு சாலை, அப்புறம் திரும்பிவிடலாம், வண்டி பிடிக்கவில்லை என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். அந்த யோசனையில் திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டேன். அடுத்தது ரயில்வே கேட்.

கேட் மூடியிருந்தது. தண்டவாளத்தை நோக்கிச் சாலை நல்ல ஏற்றமாக ஏறியது. அந்த ஏற்றத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எனக்கு நேர் முன்னால் ஒரு பெரியவர், சைக்கிள் கேரியரில் பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார். பின்னால் ஒரு லாரி மூச்சு விடுகிற தூரத்தில் வந்து நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்ப வழியில்லை.

ஏற்றத்தில் வண்டி எடுப்பதுதான் என் வித்தை. முன்னாலும் பின்னாலும் நூல் அளவு இடம் இருந்தாலும், பின்னால் ஒரு விரல்கூட உருளாமல் எடுப்பேன். ஸ்டாண்டில் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே என்னோடு வந்திருக்கிறார்கள்.

ரயில் போனது. கேட் உயர ஆரம்பித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். குனிந்து பார்த்து, கிளட்சை அழுத்தி, முதல் கியரைப் போட்டேன். அதுவரை கால் சரியாகத்தான் இருந்தது. ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன், கிளட்சை மெல்ல விட்டபடி ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். பெரியவர் தரையிலிருந்து காலை எடுத்து பெடலில் வைத்தார். லாரியின் ஹாரனில் வேறு எதுவும் காதில் விழவில்லை. இன்னொரு தடவை குனிய வேண்டும் போல இருந்தது. மச்சினன் பார்த்துக்கொண்டிருந்தான், குனியவில்லை. கால் கிளட்ச் மேல் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

வண்டி எகிறியபோதுதான் கால் வழுக்கியது தெரிந்தது.

"மாமா!" என்று கத்திக்கொண்டே மச்சினன் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தான். வண்டி உலுக்கிப்போட்டு அணைந்தது. அதற்குள் பம்பர் சைக்கிளின் பின் சக்கரத்தில் இடித்துவிட்டது. பெரியவர் தடுமாறி ஒரு பக்கமாகத் தாவினார், சைக்கிள் இன்னொரு பக்கம் விழுந்தது, பெட்டி உருண்டது. அவர் நின்றுகொண்டிருந்தார். முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நிற்கிறார் என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று கத்தினார்.

கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

மச்சினன் இறங்கி ஓடினான். மன்னிப்புக் கேட்டு, சைக்கிளை நிமிர்த்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொடுத்தான். பிறகு என் பக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் குனிந்தான். நான் சைக்கிள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் இறங்கி வந்து ஏதோ கேட்டார்.

"மாமா," என்றான் மச்சினன். "தெரியுதா?"

"என்ன தெரியுதா?"

"உங்க காலைப் பிடிச்சு அழுத்திக்கிட்டு இருக்கேன்."

குனிந்து பார்த்தேன். அவனுடைய ஐந்து விரல்களும் என் இடது ஷூவை நசுக்கிக்கொண்டிருந்தன. ஸ்பானர் பிடித்துக் காய்த்த கை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பின் சீட்டில் மனைவி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அதோடு என் குட்டு உடைந்தது.

மச்சினன்தான் வண்டியைத் திருப்பி ஓட்டினான். நான் பின்னால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை மாசமா?" என்றாள்.

"எட்டு."

"அந்த லேப்ல நார்மல்னு சொன்னீங்களே?"

"போகவே இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது கிழியத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு சொல்றேன்," என்றாள். "வீட்டுல இருக்கற மனுஷன் காலை நான் பாக்கல." என்னை விட்டுவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். அதைக் கேட்க முடியாமல், சிக்னலில் கைப்பையோடு நின்ற அம்மாளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஆறுதலுக்கா, கோபத்துக்கா என்று தெரியாத அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தகரக் கூரைக்கு அடியில் அந்தப் பன்னிரண்டு மணிப் பார்ட்டி நிஜமாகவே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஃபைல், காலில் பளபளப்பான ஷூ. ஆயுளில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்ன பெருமையில் அவசரத்தின் முகம் மலர்ந்திருந்தது. "சொல்லுங்க சார், எதை எடுக்கறீங்க? மிச்சத்தை இவருக்குக் காட்டணும்."

"ஆட்டோமேட்டிக்கே எடுத்துடலாம்க்கா," என்றான் மச்சினன். "இடது காலுக்கு அதுல வேலையே கிடையாது. ஒரு வாரம் காலி மைதானத்துல ஓட்டிப் பழகட்டும். கால் தானா அடங்கிடும். டாக்டர், மாத்திரை எல்லாம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் நடக்கட்டும்."

மனைவி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கோ உயிர் வந்தது. எட்டு மாதம் எதைக் கேட்கப் பயந்தேனோ அது தானாக என் மடியில் வந்து விழுந்திருந்தது. நாலு பேர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிக்கிறவன் முன்னால் நான் ஓட்டிக் காட்டுவேன். அவசரம் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டு ஆட்டோமேட்டிக்கின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்தேன். சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்தேன்.

கதவை மூடப் போனபோது மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷூவைக் கழட்டுங்க."

"அதான் மாப்ள பாத்துட்டானே. இடது கால்ல ஒண்ணும் தெரியலதான். ஒத்துக்கறேன்."

"இடது இல்ல. வலது."

"வலதுக்கு என்ன? அது நல்லாத்தான் இருக்கு."

"இந்த வண்டியில எல்லாத்தையும் அதுதான் பண்ணப் போகுது. ஓட்டறதும் அதுதான், நிறுத்தறதும் அதுதான்," என்றாள். "எங்ககிட்ட வர்ற சர்க்கரைக்காரங்கள்ல ஒத்தக் கால் மட்டும் மரத்துப்போனவங்களை நான் அதிகம் பாத்ததில்ல. கழட்டுங்க."

அவளே குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மச்சினன் நகர்ந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

"நேரா ரோட்டைப் பாருங்க. கீழ பாக்கக் கூடாது. நான் தொட்டதும் சொல்லணும்."

கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். அந்தப் பார்ட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரம் அவரிடம் கையைக் காட்டி, ஒரு நிமிடம் என்றார். வலது கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. பார்க்காததற்குக் காரணம் எனக்குத் தெரியாதது இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் ஆகியிருக்காதே, இந்நேரம் தொட்டிருப்பாள் என்று தோன்றியது.

"தெரியுது," என்றேன்.

குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"தெரியுதுன்னு சொல்றேன்ல?"

"நான் இன்னும் தொடலைங்க," என்றாள்.

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனைவியைக் குனிந்து பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"மறுபடியும்," என்றாள். "இந்தத் தடவை பொய் சொல்லாதீங்க."

மறுபடியும் ரோட்டைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் எதையும் முந்திக்கொள்ளவில்லை. காத்திருந்தேன். ஒரு பஸ் போனது. இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். ஏதாவது வராதா என்று காலுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு குத்தல் வந்தது.

"குதிகால்," என்றேன்.

"ஆமா."

"எத்தனை இடத்துல தொட்ட?"

"பெருவிரல்ல ஆரம்பிச்சேன். ஆறு இடம். இது கடைசி."

பேனாவை மூடிப் பையில் போட்டாள். பிரேக்கைக் குதிகாலால் மிதிப்பதில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் தடவினேன். பிறகு சாவியை உருவிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து, வெறுங்காலோடு இறங்கினேன்.

"அந்தப் பார்ட்டிக்கே குடுத்துடுங்க," என்று சாவியை அவசரத்திடம் நீட்டினேன்.

"எதை சார்? கியரையா, ஆட்டோமேட்டிக்கையா?"

"ரெண்டையும்."